ஜாலோங் கொண்டுவந்த சேதி

விழாவுக்கு எந்த ஊரிலிருந்து யார் வருகிறார்கள் என்ற தாளை லிவாங்தான் வாசித்தாள். லோங் தாவா நீளவீட்டில் ஒரே கூரையின்கீழ் முப்பத்திரண்டு குடும்பங்கள். பொழுது சாய்ந்தால் எல்லாரும் அவரவர் கதவைத் திறந்துகொண்டு பொதுக்கூடத்துக்கு வந்துவிடுவார்கள். அன்றைக்கும் அப்படித்தான், புகையிலை சுருட்டுகிறவர்களும் மரவள்ளிக் கீரை ஆய்கிறவர்களுமாகக் கூடம் நிறைந்திருந்தது.

கூச்சிங் நகரத்துக்கு அந்தப் பக்கம் கடற்கரையில் வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற உலக இசை விழா அது. பகலில் பட்டறை, சாயங்காலம் கச்சேரி. இந்த வருஷம், குச்சியால் தட்டி வாசிக்கிற மரக்கட்டை வாத்தியத்துக்கென்று தனியாக ஒரு பட்டறை வைத்து, பாராம் ஆற்றின் தலைமாட்டில் கிடக்கிற லோங் தாவாவிலிருந்து ஆறு பெண்களைக் கூப்பிட்டிருந்தார்கள். லிவாங் அவர்களுக்குத் தலைவி. பெதியாங் வாசிப்பில் முதல் ஆள்.

"வியட்நாம், நாலு பேர். அடுத்தது புர்கினா ஃபாசோ. இது எங்கடி கெடக்கு?"

"ஆப்பிரிக்கால" என்றாள் ஒருத்தி.

"சரி, கெடக்கட்டும். மூணு பேர். அப்புறம் இந்தோனேசியா. அட, அப்பாவ் காயான்! நம்ம ஆளுங்கதான், மலைக்கு அந்தப் பக்கம். ஊர் லோங் நுரான். அஞ்சு பேர். பூலான், தீபோங், உசுன் அஜாங்..."

பெதியாங்கின் கையிலிருந்த கீரைத்தண்டு அப்படியே நின்றது.

"இன்னொரு தரம் படி" என்றாள்.

"உசுன் அஜாங். ஏன், தெரிஞ்சவளா?"

"எங்கப்பா பேரும் அஜாங்தானே. எங்கக்கா பேர் உசுன்."

கூடத்தின் கோடியில் உட்கார்ந்து வெட்டுக்கத்தி தீட்டிக்கொண்டிருந்த லாயிங் தலை தூக்கவில்லை. கத்தியைக் கல்லில் வைத்தபடியே இருந்தான். இழுக்கவுமில்லை, எடுக்கவுமில்லை. பெதியாங் அவன் பெண்டாட்டி. அவளோடு இருபத்தொன்பது வருஷம் குடித்தனம் செய்தவன், அவள் முகத்தை அந்த நேரத்தில் பார்க்கத் துணியவில்லை.

"உன் புருஷனும் வரட்டும்" என்றாள் லிவாங். "வாத்தியத்தைத் தூக்க ஒரு ஆள் வேணும். இந்த ஆம்பளைங்க வேற எதுக்கு ஆகறாங்க?"

கூடம் சிரித்தது. லாயிங்கும் சிரித்துவைத்தான்.

அறைக்குள் வந்ததும் மெதுவாக ஆரம்பித்தான். "சரிவுல பாதி மரம் இன்னும் நிக்குது, மார்த்தா அம்மா. இப்ப வெட்டிச் சாய்ச்சாத்தான் ஆகஸ்டுல காயும். காஞ்சாத்தான் எரிச்சு நெல்லு விதைக்க முடியும்."

"மரம் எங்கயும் ஓடிப்போகாது."

"அது உங்கக்காவா இல்லாம வேற உசுனா இருந்தா?"

"இருந்தா இருக்கட்டும். போய்ப் பாத்துட்டு வரேன்." அடுப்படியில் சோற்றை இலையில் மடித்துக்கொண்டே சொன்னாள். "நாப்பது வருஷமாச்சு, மார்த்தா அப்பா. அம்மா ஒரு வார்த்தை சொல்லி அனுப்பல. ஏன்னு அவகிட்டக் கேக்கணும்ல?"

அந்த வாக்கியத்தை லாயிங் எத்தனை தடவை கேட்டிருப்பான் என்று கணக்கே கிடையாது. காய்ச்சலில் படுத்தால் சொல்வாள். மகள் மார்த்தா வேலைக்கென்று மீரி நகரத்துக்குப் போன அன்று படகுத்துறையில் நின்று சொன்னாள். அம்மா ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலையே.

பெதியாங்குக்கு ஒன்பது வயதிருக்கும்போது உசுன் பதினேழு வயசுக் கர்ப்பிணி. புருஷன் மலைக்கு அந்தப் பக்கத்தவன். முதல் பிரசவம் தன் வீட்டில்தான் ஆகவேண்டும் என்று அவன் பிடிவாதம் பிடித்தான். அம்மா துணைக்குப் போனாள். அறுவடை முடிந்து வந்துவிடுகிறேன் என்று சின்னவளிடம் சொல்லிவிட்டுப் போனாள். ஏழு நாள் நடை. அந்த அறுவடைக்குள் மலைக்கு இந்தப் பக்கத்து நாட்டுக்கும் அந்தப் பக்கத்து இந்தோனேசியாவுக்கும் மோதல் வந்துவிட்டது. எல்லைக்காட்டில் பட்டாளம் இறங்கியது. இந்தப் பக்கத்து வேட்டைக்காரர்கள் இரண்டு பேர் சுடப்பட்டுச் செத்தார்கள். மலைப்பாதையில் யாரும் கால் வைக்கவில்லை. மோதல் ஓய்ந்தபோது அப்பா வேறொருத்தியைக் கட்டியிருந்தார். அந்தச் செய்தி மட்டும் எப்படியோ மலை தாண்டிப் போய்விட்டது போலிருக்கிறது. அம்மா வரவேயில்லை.

இதெல்லாம் ஊருக்கே தெரிந்த கதை. தெரியாதது ஒன்றுதான்.

பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், மரம் வெட்டும் முகாமுக்கு வேலை தேடி மலை தாண்டி வந்த ஜாலோங் என்பவன் லாயிங்கின் படகை நிறுத்தித் தண்ணீர் வாங்கிக் குடித்தான். "பெதியாங்னு ஒருத்தி இங்க இருக்காளா? அவ அம்மாவுக்கு நடக்க முடியல. இந்த மழைக்காலம் தாண்டமாட்டா. சின்ன மகளைப் பாக்கணும்னு பாதையைப் பாத்துக்கிட்டே கெடக்கா. வரச் சொல்லு" என்றான். சொல்கிறேன் என்று லாயிங்கும் தலையாட்டினான். பெதியாங் அப்போது ஐந்து மாசம். அதற்கு முன்னால் ஒரு பிள்ளை தங்காமல் போயிருந்தது. பிரசவம் முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தான். பிள்ளை பிறந்து பதினொரு நாளில் போய்விட்டது. கண்ணீரும் பாலும் வற்றாமல் கிடந்தவளிடம் எதைச் சொல்வது? ஒரு மாசம் போனது. பிறகு ஒரு வருஷம். சொல்லாத சேதி, நாளாக ஆகச் சொல்லமுடியாத சேதியாகிவிட்டது. ஜாலோங்கும் அந்த முகாமில் மரம் விழுந்து செத்தான். கேட்க ஆளில்லை.

போகிற வழியில் சொல்லிவிடுவது என்று லாயிங் முடிவு செய்தான்.

படகில் சொல்ல முடியவில்லை. ஆறு வற்றிக்கிடந்தது. பாறைக்குப் பாறை இறங்கித் தள்ளவேண்டியிருந்தது. லிவாங் வாத்தியப் பெட்டியின்மேல் ராணி மாதிரி உட்கார்ந்து, "தள்ளு, தள்ளு, எருமை தோத்தது போ" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். முகாம் சாலையில் ஒன்பது மணி நேரம் பிக்கப் வண்டியில், முகமெல்லாம் செம்மண். மீரியில் மார்த்தா வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு, "பெரியம்மாவைப் பாத்ததும் எனக்கு போன் பண்ணும்மா" என்றாள். அப்புறம் ராத்திரி முழுக்க பஸ். பெதியாங் தூங்கவில்லை, கண்ணாடியில் தலை சாய்த்துத் தன் காதுமடலைத் தடவிக்கொண்டே வந்தாள். பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள் என்று பன்னிரண்டு வயதில், குழந்தையிலிருந்தே வளையம் மாட்டி வளர்த்த தொங்குகாதை ஆஸ்பத்திரியில் வெட்டித் தைத்துக்கொண்டவள் அவள்.

"என்னைப் பாத்தா அடையாளம் தெரியுமா அவளுக்கு?" என்று கேட்டாள்.

"தெரியாம?" என்றான்.

விழா நடக்கிற இடம் மலையடிவாரமும் கடலும் சேர்கிற இடம். தங்க வைத்திருந்த விடுதியில் காலைச் சாப்பாட்டுக்கு உலகமே வரிசையில் நின்றது. தட்டில் ரொட்டியையும் வறுத்த நூடுல்ஸையும் போட்டுக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற லிவாங்குக்குப் பின்னால், ஆறடி ஆப்பிரிக்கக்காரர் ஒருவர் அதேபோல் விழித்துக்கொண்டு நின்றார். இருவரும் ஒருவர் தட்டை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். லிவாங் மடியிலிருந்து இலைச்சோற்றையும் புகைபோட்ட காட்டுப்பன்றி இறைச்சியையும் எடுத்தாள். அவர் இறைச்சியைப் பார்த்து நெஞ்சில் கைவைத்து வேண்டாம் என்றார். சோற்றை மட்டும் வாங்கிக்கொண்டார்.

"மரியாதை தெரிஞ்ச மனுஷன்" என்றாள் லிவாங். "நம்ம ஆம்பளைங்களா இருந்தா எலையையும் தின்னிருப்பானுங்க."

அப்பாவ் காயான் ஆட்கள் இன்னும் வந்து சேரவில்லை. வழியில் மண் சரிந்து லாரி நின்றுவிட்டது, பட்டறை நேரத்துக்கு வந்துவிடுவார்கள் என்று விழாக்காரப் பெண் மிஸ் சியூ வந்து சொன்னாள். பெதியாங் சாப்பிடாமல் எழுந்து கடல் பக்கம் போனாள். லாயிங் பின்னால் போனான்.

அலை உள்வாங்கியிருந்தது. சேற்றுமணலில் நண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. அவளுக்குப் பக்கத்தில் குந்தினான்.

"உங்கம்மா சொல்லி அனுப்பினா" என்றான்.

அவள் திரும்பினாள்.

"ஜாலோங்னு ஒருத்தன் வந்தான். நீ அஞ்சு மாசமா இருந்தப்ப. அம்மாவுக்கு முடியல, சின்ன மகளைப் பாக்கணுங்கறா, வரச் சொல்லுன்னான். நான் உன்கிட்டச் சொல்லல."

எல்லாவற்றையும் சொன்னான். பாதையைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறாள் என்று ஜாலோங் சொன்ன வார்த்தையை மட்டும் விழுங்கப்பார்த்தான், அதுவும் வந்துவிட்டது.

"வயித்துப் பிள்ளைக்காக மறைச்சேன்னு சொன்னா அது பாதி உண்மைதான். நீ போனா திரும்பி வரமாட்டியோன்னு இருந்துச்சு. கல்யாணமான புதுசுல நீயே சொல்லுவ, அம்மா ஒருதரம் கூப்பிட்டா போதும், எழுந்து போயிருவேன்னு."

அவள் கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, "அம்மா செத்துட்டாளா?" என்றாள்.

"தெரியல."

"நீ தெரிஞ்சுக்கக்கூட இல்ல."

"இல்ல."

எழுந்து பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். "பட்டறைக்கு நேரமாச்சு. வாத்தியத்தக் கொண்டுவந்து வை" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பட்டறை ஒரு மர மண்டபத்தில். ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைக்காரர்கள், கூச்சிங் சீனப் பிள்ளைகள், முக்காடு போட்ட மலாய்ப் பெண்கள், தோளில் குழந்தையோடு ஒரு போலீஸ்காரர். லாயிங் கட்டைகளைக் கயிற்றோடு விரித்துப் பெட்டியின்மேல் கட்டினான். முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது. வியட்நாம் பெண்கள் மூங்கில் குழாய்களைத் தொங்கவிட்டார்கள். ஆப்பிரிக்கக்காரரின் வாத்தியத்துக்கடியில் சுரைக்குடுக்கைகள் வரிசையாக இருந்தன.

வாசிப்பு தொடங்கப்போகிற நேரத்தில் பக்கவாசல் வழியே ஐந்து பெண்கள் நுழைந்தார்கள். முழங்கால் வரை சேறு. நடுவில் வந்தவளுக்குத் தொங்குகாது. பித்தளை வளையங்கள் தோளைத் தொட்டன. லாயிங்குக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. நெற்றியும் நடையும் அப்படியே பெதியாங்.

மிஸ் சியூவுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. வந்தவர்களை அவசரமாக எதிர்ப்பக்கம் உட்காரவைத்து ஒலிவாங்கியை எடுத்தாள். "முதலில் அறுவடைப் பாட்டு. இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை, பிறகு சேர்ந்து" என்றாள்.

பெதியாங் குச்சிகளை எடுத்தாள். உசுன் அவளைப் பார்த்தாள். ஆறு பெண்களையும் ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். யாரென்று பிடிபடவில்லை. காதைத் தேடியிருப்பாள்.

லோங் தாவா வாசித்தது. பாட்டின் முடிவில் மற்ற ஐந்து பேரும் நிறுத்திவிட, பெதியாங்கின் குச்சி மட்டும் கடைசிக் கட்டைக்குப் போய், சற்றுத் தாமதித்து, இன்னொரு தட்டுத் தட்டிவிட்டு நின்றது. சின்ன வயசில் அம்மாவிடம் கற்ற முடிப்பு அது; ஊரில் வேறு யாரும் அப்படி முடிப்பதில்லை. ஒத்திகையில் லிவாங் எத்தனையோ தரம் திட்டியிருக்கிறாள், அந்தக் கையை அடக்க முடியலையா என்று.

எதிர்ப்பக்கத்தில் உசுன் குச்சியைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள். அவள் ஆட்கள் வாசித்து முடித்ததும், தாமதித்து, அதே கட்டையில் அதேபோல் ஒரு தட்டு.

சேர்ந்து வாசித்தபோது இரண்டு வாத்தியமும் ஒத்துப்போகவில்லை. அந்தப் பக்கத்து மரம் அரை நூல் இறங்கிப் பேசியது. சுருதிக்குச் சுருதி உரசிக்கொண்டு மண்டபமே ஒரு மாதிரி அதிர்ந்தது. ஆப்பிரிக்கக்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் தன் வாத்தியத்தை நுழைத்தார். வியட்நாம்காரிகளும் சேர்ந்தார்கள். ஜனங்கள் எழுந்து, ஒருவர் பின்னால் ஒருவராக வரிசை பிடித்து, தரைப்பலகை அதிர ஆடத் தொடங்கினார்கள். சகோதரிகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி வாசித்துக்கொண்டே இருந்தார்கள். முடிக்கிற இடம் மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் முடிக்கவில்லை.

கடைசியில் லிவாங்தான் தன் கையைத் தூக்கி நிறுத்தினாள். "போதும்டி. போய்க் கட்டிக்க அவள" என்றாள்.

வரிசையைப் பிளந்துகொண்டு உசுன் வந்தாள். பெதியாங்கின் தைத்த காதுமடலை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள்.

"யாருடி வெட்டினா இத?"

"நானேதான் அக்கா."

அப்புறம் இரண்டு பேரும் தரையிலேயே உட்கார்ந்து அழுதார்கள். சுற்றி ஆடிக்கொண்டிருந்தவர்கள் விலகி வளைந்து போனார்கள். லாயிங் வாத்தியப் பெட்டிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றான். ஓடிப்போக இடமில்லை, போகவும் தோன்றவில்லை.

எதிர்பார்த்த கேள்வி வந்தது. உசுன் பாதி அந்தப் பக்கத்துப் பேச்சிலும் பாதி இந்தப் பக்கத்துப் பேச்சிலுமாகக் கேட்டாள். "ஆள் அனுப்பினோமே. ஏன் நீ வரல? மழை முடியற வரைக்கும் தாங்கினா அம்மா. வாசப்படியில பாயைப் போடச் சொன்னா. யார் வந்தாலும் தலையத் தூக்கிப் பாப்பா. ஏன் வரல நீ?"

பெதியாங் தலையைத் திருப்பி லாயிங்கைப் பார்த்தாள். இருபத்தொன்பது வருஷத்தில் அவள் அவனை அப்படிப் பார்த்ததில்லை.

"வயித்துல பிள்ளை இருந்துச்சு அக்கா" என்றாள். "ஏழு நாள் நடக்க முடியல."

"பிள்ளை?"

"தங்கல."

உசுன் அவள் தலையைத் தன் மடியில் இழுத்துக்கொண்டாள். லாயிங்குக்கு அங்கேயே விழுந்து கும்பிடவேண்டும் போலிருந்தது. கைகள் கயிற்றின் முடிச்சைத்தான் பிடித்துக்கொண்டிருந்தன.

இன்னும் இரண்டு நாள் விழா. பெதியாங் அக்காவின் அறையிலேயே படுத்தாள். மார்த்தாவிடம் போனில் பேசினாள், பெரியம்மாவையும் பேசவைத்தாள். கச்சேரியில் இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்து வாசித்தபோது கூட்டம் கத்தியது. லாயிங் கூட்டத்தின் பின்வரிசையில் நின்று பார்த்தான். கடைசி நாள் காலையில் அவனைத் தேடி அவளே வந்தாள்.

"நான் அக்காகூடப் போறேன். அவங்க லாரியில எடம் இருக்கு."

"சரி."

"போகட்டுமான்னு கேக்கல."

"தெரியும். எப்ப வருவ?"

"அம்மாவும் அறுவடை முடிஞ்சு வரேன்னுதான் சொல்லிட்டுப் போனா" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் லிவாங் கேலி பேசவில்லை. எங்கே அவள் என்றும் கேட்கவில்லை. வழியில் பிண்டுலுவில் வண்டி நின்றபோது ஒரு கோப்பைக் காப்பி வாங்கி அவன் கையில் வைத்தாள், அவ்வளவுதான்.

ஊரில் சரிவு காத்திருந்தது. மீதி மரங்களைத் தனியாளாக வெட்டினான். ஆகஸ்டில் காய்ந்தது, நெருப்பு வைத்தான். நல்ல எரிப்பு, ஒரு கிளை மிச்சமில்லாமல் சாம்பலானது. சாயங்காலங்களில் கூடத்துக்குப் போவதை நிறுத்தினான். சோற்றை வடித்துத் தின்றுவிட்டு, மலை தெரிகிற பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். யாராவது கூடத்தில் நடந்து வந்தால் தன்னையறியாமல் தலையைத் தூக்குவான். தூக்கியதும் உசுன் சொன்னது ஞாபகம் வரும். தலையைக் குனிந்துகொள்வான்.

செப்டம்பரில் மழை கூடியது. ஒருவர் நிலத்தில் மற்றவர்கள் மாறி மாறி இறங்கிச் செய்கிற பரிமாற்ற வேலைக்கு முறை வந்து பன்னிரண்டு பேர் அவன் சரிவுக்கு வந்து நின்றார்கள். ஆண்கள் கூர்க்கம்பால் குழி போட்டுக்கொண்டு முன்னால் போவார்கள், பெண்கள் பின்னாலேயே குழிக்கு ஒரு சிட்டிகை விதை போட்டு வருவார்கள். முதல் விதையை அந்த வீட்டுக்காரிதான் போடவேண்டும்.

"யார் போடறது?" என்று லிவாங் கேட்டாள். "மார்த்தாவ வரச் சொல்லலாம்ல?"

லாயிங் சாம்பல் பூத்த சரிவை மேலிருந்து கீழ்வரை பார்த்தான்.

"இந்த வருஷம் இது கெடக்கட்டும்" என்றான். "என் விதையை நீங்க பங்கு போட்டுக்குங்க. நான் அந்தப் பக்கம் போயிட்டு வரேன்."

"லாரி ரோட்டுலயா?"

"நடந்து."

"பைத்தியமா உனக்கு? காடு மூடிக்கெடக்கு அந்தப் பாதை. உன் வயசென்ன?"

"ஜாலோங் நடந்துதானே வந்தான்" என்றான். அந்தப் பெயர் யாருக்கும் புரியவில்லை. அன்றைக்குச் சரிவின் ஓரத்தில் நின்று, ஜாலோங் கொண்டுவந்த சேதியையும் தான் அதை மறைத்ததையும் பன்னிரண்டு பேர் முன்னாலும் சொன்னான். சொல்லி முடித்தபோது பெண்கள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. லிவாங் மட்டும் தன் கூடையிலிருந்து உப்பையும் நெருப்புப்பெட்டியையும் எடுத்துக்கொடுத்து, "அட்டைக்குப் புகையிலைத் தண்ணி தேச்சுக்க" என்றாள்.

ஏழு நாள் நடை அவனுக்குப் பத்து நாளானது. மூன்றாம் நாள் ஓடையில் வழுக்கி முழங்கால் வீங்கியது. கொண்டுபோன அரிசி தீர்ந்து, கடைசி இரண்டு நாள் காட்டுச்சவ்வரிசியும் பெரணிக் கீரையும்தான். எல்லை எங்கே என்று எந்த மரத்திலும் எழுதியிருக்கவில்லை. ஒரு மேட்டில் ஏறியபோது ஓடைகள் மறுபக்கம் ஓடிக்கொண்டிருந்தன. கையை நனைத்துக்கொண்டு இறங்கினான்.

லோங் நுரானுக்கு மேல்சரிவில் விதைப்பு நடந்துகொண்டிருந்தது. ஓலைத்தொப்பிகளுக்கு நடுவே அவளைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. இடுப்பில் விதைக்கூடை, குனிந்த முதுகு. காட்டின் ஓரத்தில் தாடியும் சேறுமாக ஒருவன் நிற்பதை உசுன்தான் முதலில் பார்த்து, தங்கையின் தோளைத் தொட்டாள்.

பெதியாங் நிமிர்ந்தாள். பார்த்தாள். திரும்பவும் குனிந்து அடுத்த குழிக்கு விதை போட்டாள்.

"அம்மாவ எங்க வச்சிருக்கு?" என்று கேட்டான்.

கையால் காட்டினாள். ஓடைக்கு அந்தப்புறம் நாலைந்து சிலுவைகள் நின்றன. லாயிங் நொண்டிக்கொண்டே போனான். அங்கே எவ்வளவு நேரம் இருந்தான், என்ன சொன்னான் என்பதை யாரும் பார்க்கவில்லை. வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தான். ஓரத்தில் சாய்த்திருந்த கூர்க்கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல், பெதியாங்குக்கு முன்னால் போய் நின்று குழி போடத் தொடங்கினான்.

ஒரு வரிசை முழுக்க அவள் அந்தக் குழிகளைத் தாண்டி, பக்கத்து ஆள் போட்ட குழிகளிலேயே விதைத்துக்கொண்டு போனாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வரிசையைத் தொடங்கினான். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. மேகம் மலையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது; மழைக்கு முன் முடிக்கவேண்டும் என்று யாரோ கத்தினார்கள்.

பின்னால் அரிசித்தூறல் மாதிரி விதை விழுகிற சத்தம் கேட்டது.

"ரொம்ப ஆழமாப் போகுது" என்றாள் பெதியாங். "மேலாப் போடு. இந்த மண்ணு வேற."